அமைதியான கணினிப் பெட்டி

மேசைக் கணினியின் இரைச்சல் பெரும்பாலும் விசிறியினின்றே எழுகின்றது. அதனை அடக்கக் கருதி நாற்புறமும் அடைத்த பெட்டியை நாடுவோர் பலர். ஆயின், காற்றோட்டம் குன்றிய பெட்டியில் வெப்பம் மிகும், வெப்பம் மிகவே விசிறி விரைந்து சுழலும், இரைச்சலும் பெருகும். ஆகவே, அமைதிக்கு முதல் வழி காற்றுக்கு வழிவிடுதலேயாம்.

விசிறியின் வேகம் பாதியானால் அதன் ஓசை ஏறத்தாழ 15 தெசிபெல் குறையும். 80 மில்லிமீற்றர் விசிறி விரைந்து சுழன்று தள்ளும் காற்றை, 140 மில்லிமீற்றர் விசிறி மெல்லச் சுழன்றே தள்ளிவிடும். எனவே, பெரிய விசிறிக்கு இடமும், முன்புறத்தில் அகன்ற காற்றுவழியும், கழற்றித் துடைக்கத்தக்க தூசி வடியும் உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். சுழலும் வன்தட்டு இறப்பர் வளையங்களின்மேல் அமர்ந்தால், அதிர்வு தகட்டுக்குப் பரவுவது குறையும்.

1995இல் வகுக்கப்பட்ட ஏ.ரீ.எக்ஸ். அளவு இன்றும் வழங்குகின்றது. ஆதலின், உள்ளுறுப்புகள் மாறினும் நல்ல பெட்டி பல்லாண்டு உழைக்கும்; இரவில் பயிலும் மாணவனின் கவனமும் சிதறாது.