மோசசாரஸுக்கு அடுத்து யார்?

டைனோசர் காலத்துக் கடல் ஊர்வனவற்றில் பொம்மைச் சந்தையின் ராஜா மோசசாரஸ்தான். 2015-ல் 'ஜுராசிக் வேர்ல்ட்' படத்தில் அது சுறாவை விழுங்கிய பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரே பிராணியை சேகரிப்பாளர்கள் எத்தனை முறைதான் வாங்குவார்கள்? அதனால்தான் அதிகம் அறியப்படாத பிராணிகளுக்கு மவுசு.

தேர்வு சுலபமல்ல. முதல் சிக்கல் அளவு. அமெரிக்காவின் சஃபாரி நிறுவனம் 1988 முதல் 2015 வரை கார்னகி அருங்காட்சியகத்துடன் இணைந்து வெளியிட்ட பொம்மைகள் பெரும்பாலும் 1:40 விகிதத்தில் அமைந்தவை. இந்தக் கணக்கில் 10 மீட்டர் நீள எலாஸ்மோசாரஸ் 25 செ.மீ. இருக்கும். ஜெர்மனியில் கிடைத்த, ஆமை போன்ற ஹெனோடஸ் ஒரு மீட்டர்தான். பொம்மை இரண்டரை செ.மீ. தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்!

அதைவிடப் பெரிய சிக்கல், எலும்புகள். சீனாவின் யுன்னானில் கிடைத்த அடோபோடென்டேட்டஸுக்கு 2014-ல் பெயரிட்டபோது, மேல்தாடை நடுவே ஜிப் போலப் பிளந்திருந்ததாக விஞ்ஞானிகள் கருதினர். 2016-ல், புதிதாகக் கிடைத்த மண்டையோடுகள் வேறு கதை சொல்லின. வாய் சுத்தியல்போல அகன்றது. பாசியைச் சுரண்டித் தின்னும் சாதுவான பிராணி. முதல் தகவலை நம்பிச் செய்யும் அச்சு இரண்டே ஆண்டில் பழைய இரும்பு.

இந்தியாவிலும் ஒரு வேட்பாளர் உண்டு. குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைத்த, சுமார் 5.5 மீட்டர் நீள இக்தியோசார் பற்றி 2017-ல் அறிவிப்பு வந்தது. ஆனால் எந்தக் குடும்பம் என்பதுவரைதான் அதில் சொல்ல முடிந்தது. பொம்மைக்கு அது போதாது. முகம் வேண்டும்.