ரீஃபண்டு கூடுதலாக வந்தால்...

மாதச் சம்பளக்காரர் வீடுகளில் வருமான வரி ரீஃபண்டு என்பது இன்னொரு தீபாவளி போனஸ் மாதிரி. ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் போதும், "உங்க வீட்டுக்கு வந்திடுச்சா?" என்ற விசாரிப்பு வாசலில் கோலம் போடும்போதே ஆரம்பித்துவிடும். நினைத்ததைவிட நாலு காசு கூட வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அன்றே கிரைண்டரோ, பட்டுப் புடவையோ முடிவாகிவிடும். அந்தக் கூடுதல் காசு ஏன் வந்தது என்று தெரியும் வரை அதில் கை வைக்காதீர்கள் தோழிகளே!

கூடுதல் என்றாலே பயப்பட வேண்டும் என்பதில்லை. 2025 செப்டம்பரில் என் கணவருக்கு 6,000 ரூபாய் வர வேண்டியிருந்தது; வந்ததோ 6,180. அந்த 180 வட்டி! நாம் அதிகமாகக் கட்டிய பணத்துக்கு மாதம் அரை சதவீதம் வீதம் அரசாங்கமே வட்டி தருகிறது. நேரத்துக்கு ரிட்டர்ன் போட்டிருந்தால் ஏப்ரல் மாதத்திலிருந்து கணக்கு. (ரீஃபண்டு, மொத்த வரியில் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்றால் வட்டி கிடையாது.) இந்த வட்டியை அடுத்த வருஷ வருமானத்தில் காட்ட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பலர் விட்டுவிடுகிறார்கள்.

என்னை எழுத வைத்தது பக்கத்து வீட்டு அக்காவின் விஷயம். அவர் கணவருக்கு ஒரு தனியார் ஆலையில் வேலை. வழக்கமாக இரண்டாயிரம் ரூபாய் அளவில் ரீஃபண்டு வரும். அந்த வருஷம் வந்தது 35 ஆயிரத்துச் சொச்சம்! பாங்கில் அடகு இருக்கும் ஆரத்தை மீட்டுவிடலாம் என்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்படிக்கா இவ்வளவு வந்துச்சு?" என்றேன்.

"ஆலைக்கு ஒருத்தர் வந்து எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தாராம். வர்றதுல பத்துக்கு ஒண்ணு அவருக்கு. நல்ல விவரமான ஆளு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆடிட்டர் செய்கிற வேலைக்குக் கூலி வாங்குவார். வருகிற காசில் பங்கு ஏன் கேட்கிறார்? "பணம் எங்கயும் போகாது, முதல்ல அந்தப் பேப்பரைப் பார்த்திடலாம்க்கா" என்றேன்.

ரிட்டர்னைச் சரிபார்த்த பிறகு பெங்களூருவில் இருக்கும் வருமான வரி மையத்திலிருந்து இ-மெயிலில் ஒரு தகவல் கடிதம் வரும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் போட்டு, தொடர்ந்து பிறந்த தேதியை எட்டு இலக்கத்தில் போட்டால் திறந்துகொள்ளும். இங்கிலீஷ் என்று பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் நாம் காட்டிய கணக்கு, இன்னொரு பக்கம் அவர்கள் போட்ட கணக்கு. எண்களை ஒப்பிட்டாலே போதும். இரண்டும் வேறாக இருந்தால் அவர்கள் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். அதை ஆடிட்டரிடம் காட்டிவிட்டுத்தான் செலவு செய்ய வேண்டும். தவறாக வந்ததென்றால் பின்னால் திருப்பிக் கேட்பார்கள், வட்டியோடு.

அக்கா வீட்டுக்குக் கடிதமே வரவில்லை. அந்த ஆள் தன் இஷ்டத்துக்கு ஒரு இ-மெயில் முகவரியைக் கொடுத்திருந்தார்! பிறகு அவர் கணவரே பான் எண், ஆதார் ஓ.டி.பி. வைத்து வருமான வரி இணையதளத்தில் நுழைந்து ரிட்டர்னை எடுத்தார். இரண்டு பக்கமும் எண்கள் ஒன்றுதான். ஆனால் நாம் காட்டியது என்ற பக்கமே பொய். ஏதோ ஒரு கட்சிக்கு ஒரு லட்சம் ரூபாய் நன்கொடையாம். கல்விக் கடன் வட்டி 60 ஆயிரமாம். அவர்கள் பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான்!

இது ஒரு ஊர்க் கதை இல்லை. 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது இப்படிப்பட்ட இடைத்தரகர்களைத் தேடித்தான். மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக இ-மெயில் முகவரிகளை உருவாக்கி, பிறகு கைவிட்டுவிடுவதால், நோட்டீஸ் வந்தாலும் யாரும் படிப்பதில்லை என்று துறையே சொன்னது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40 ஆயிரம் பேர் தாங்களாகவே பொய்க் கணக்கைத் திருத்திக்கொண்டார்களாம்.

"ரெண்டு வருஷம் கழிச்சுக் கேட்டா அப்பப் பார்த்துக்கலாம்" என்றார் அக்காவின் கணவர். ஆடிட்டர் சொன்ன கணக்கைக் கேட்டதும்தான் அடங்கினார். பொய்யாகக் காட்டியதை அவர்களே கண்டுபிடித்தால் வரி, வட்டி போக, அந்த வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம்! போட்டது யாராக இருந்தாலும் பொறுப்பு பான் கார்டுக்காரருக்குத்தான். அந்த வருஷம் டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டதால், அதிகமாக வந்த பணமும் கொஞ்சம் வட்டியும் கட்டியதோடு முடிந்தது. விட்டிருந்தால் அதன் மேல் இன்னும் 25 சதவீதமாவது கட்ட வேண்டியிருந்திருக்கும்.

இன்னொன்று. 'உங்களுக்கு 15,490 ரூபாய் ரீஃபண்டு அனுமதிக்கப்பட்டுள்ளது, கணக்கு எண்ணைச் சரிபார்க்கவும்' என்று 2023-ல் பலருக்கும் செல்போனில் செய்தி வந்தது. அத்தனையும் மோசடி. ரிட்டர்னில் கேட்காத ரீஃபண்டு, செய்தியில் வருகிறதென்றால் தொடவே கூடாது.

அக்காவின் ஆரம் இன்னும் பாங்கில்தான் இருக்கிறது. வட்டி கட்டிப் புதுப்பித்து வைத்திருக்கிறார். பத்துக்கு ஒன்று என்று வாங்கிப் போன மூவாயிரத்து ஐந்நூறு போனது போனதுதான், அந்த ஆள் இப்போது போனை எடுப்பதில்லை. அதே ஷிஃப்டில் அவரிடம் ரிட்டர்ன் போட்டவர்கள் இன்னும் பதினோரு பேர். அவர்கள் வீட்டுப் பெண்களின் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.