காப்பி அடிக்கலாம் வாங்க!

எக்ஸாம் ஹாலில் காப்பி அடிச்சா பிட்டோட சேர்த்து ஹால் டிக்கெட்டும் போயிடும். ஆனா, காப்பி அடிச்சே முன்னுக்கு வந்த ஊர் ஒண்ணு இருக்கு தெரியுமா? நம்ம சிவகாசிதான்!

இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். மழை பொய்த்துப் போகிற கரிசல் பூமி. விவசாயத்தை நம்பி உட்கார முடியாது. 1922-இல் பி.அய்ய நாடார், ஏ.சண்முக நாடார் என்கிற இரண்டு உறவுக்காரர்கள் கல்கத்தாவுக்குக் கிளம்பிப் போனாங்க. தீப்பெட்டி செய்யற தொழிலைக் கத்துக்கிட்டு 1923-இல் ஊர் திரும்பினாங்க. முதலில் தீப்பெட்டி, அப்புறம் பட்டாசு, கூடவே அச்சுத் தொழில்... மீதியெல்லாம் உங்க வீட்டுத் தினசரி காலண்டரிலேயே இருக்கு.

அவங்க ரெண்டு பேரும் கல்கத்தாவில் எந்த டெக்ஸ்ட் புக்கை மனப்பாடம் பண்ணாங்க? செய்யறவங்க பக்கத்தில் இருந்து பார்த்தாங்க. அதே மாதிரி செஞ்சாங்க. இப்பவும் இந்தப் பக்கம் தொழில் கைமாறுவது அப்படித்தானே? திரி சொருகுவதுன்னா, புதுசா வேலைக்கு வர்ற பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்காவோட கையைத்தான் பார்க்கும். ரெண்டு நாள் தடுமாறும். மூணாவது நாள் அந்த அக்காவோட வேகம் இதுக்கும் வந்துடும்.

சரி, இதுக்கும் இந்த வாரக் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம்? கிறிஸ்தவ விசுவாசமும் கிட்டத்தட்ட இப்படிக் கைமாறுகிற ஒரு தொழில்தான் என்பது என் கட்சி.

பவுல் கொரிந்து சபைக்குக் கடிதம் எழுதுறப்போ, தன்னைப் பார்த்து நடக்கச் சொல்றார். கேட்கும்போது 'என்னப்பா, இவ்வளவு தலைக்கனமா?'னு தோணும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அது கி.பி. 50-களின் நடுப்பகுதி. நாம இன்னிக்குக் கையில் வெச்சிருக்கிற நாலு சுவிசேஷங்களும் அப்போ எழுதி முடிச்சிருக்கலைன்னு பெரும்பாலான அறிஞர்கள் சொல்றாங்க. கொரிந்து துறைமுகத்துக் கூலிக்காரனுக்கு இயேசு எப்படி வாழ்ந்தார்னு தெரியணும்னா, அவன் எங்கே போய்ப் பார்ப்பான்? அந்த ஊரில் கூடாரம் தைச்சுப் பிழைச்ச ஒரு மனுஷனைத்தான் பார்க்கணும். அதனால்தான் பவுல் ஒரு கண்டிஷனும் போடறார். தான் கிறிஸ்துவைப் பார்த்து நடக்கிற அளவுக்குத்தான் தன்னைப் பார்த்து நடக்கணுமாம். அதுக்கு மேல வேண்டாம்!

கூடாரம்னு சொன்னதும் ஞாபகம் வருது...

கூடாரத்தில் ஒரு ரேங்க் ஹோல்டர்

தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட். 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தவர். 1841-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நாலாவது ரேங்க். அப்படியே கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெலோ. அந்தக் காலத்தில் அது சாகிற வரைக்கும் சோத்துக்குக் கவலை இல்லாத உத்தியோகம். 1846-இல் சி.எம்.எஸ். மிஷனின் செயலாளராக மெட்ராஸ் வந்தார். அங்கேயும் மேசை, நாற்காலி, ஃபைல்தான். நல்லாவே பண்ணார்.

ஆனா வேலை நிமித்தமா திருநெல்வேலிப் பக்கம் வந்து போனப்போ ஒண்ணு கவனிச்சார். தெற்கே ஊருக்கு ஊர் கோயிலும் பள்ளிக்கூடமும் இருக்கு. வடக்கே, அதாவது இன்னிக்குச் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்னு நாம சொல்ற பக்கம், யாரும் எட்டிக்கூடப் பார்க்கலை. (அப்போ விருதுநகர் மாவட்டம் கிடையாது. விருதுநகருக்கே பேர் விருதுபட்டிதான்.) 1854-இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்கிற இரண்டு கேம்பிரிட்ஜ் நண்பர்களோட கூடாரத்தைத் தூக்கிக்கிட்டு ராக்லண்ட் இங்கே வந்துட்டார். ஒரு கிராமத்துப் பக்கம் கூடாரம் அடிப்பாங்க. சுத்துப்பட்டு ஊர்களுக்கு நடந்தும் குதிரையிலும் போய்ப் பேசுவாங்க. பிறகு கூடாரத்தைப் பிரிச்சு அடுத்த இடம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வெள்ளைக்காரர்களைப் பத்தினது இல்லை. தெற்கத்திச் சபைகள் தங்களோட உபதேசியார்களை முறை வெச்சு, தங்கள் செலவிலேயே வடக்கே அனுப்பினாங்க. பனையேறியும் வயல் வேலை பார்த்தும் பிழைச்ச ஜனங்க அரிசியும் காசுமாகச் சேர்த்துக் கொடுத்த செலவு அது! அந்த உபதேசியார்கள் பலரோட பேர் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் பெரிய எழுத்தில் வரலை. ஆனா கரிசக்காட்டு விவசாயிக்கு விசுவாசம்னா என்னன்னு பக்கத்தில் இருந்து காட்டினதில் அவங்க பங்கு ரொம்பப் பெரிசு. ராக்லண்ட்டே அவங்களைப் பக்கத்தில் வெச்சுக்கிட்டுத்தான் ஊர் பழகினார்.

ரிசல்ட்? அதைக் கேட்டா நீங்க ஏமாந்து போவீங்க. நாலு வருஷ உழைப்புக்குச் சொல்லிக்கிற மாதிரி அறுவடை இல்லை. அவருக்கு நுரையீரல் கோளாறு. இருமினால் ரத்தம். 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில் ரத்தக்குழாய் வெடிச்சு, திடீர்னு இறந்துபோனார். வயசு 43. மண்ணில் விழுந்து சாகிற கோதுமை மணியைப் பத்தி இயேசு சொன்னாரே, அதைத்தான் ஊழியத்துக்கு உருப்படியான ஒரே திட்டம்னு ராக்லண்ட் நம்பினார். எழுதியும் வெச்சார். அப்படியே விழுந்தும் போனார்.

ஒரு நிமிஷம் யோசிங்க. உங்க காலேஜில் மோட்டிவேஷன் பேச வர்றவர் இந்தக் கதையைச் சொன்னா நீங்க கைதட்டுவீங்களா? ரேங்க் ஹோல்டர், வேலையை விட்டார், கிராமத்துக்குப் போனார், ஒண்ணும் பெரிசா நடக்கலை, செத்துட்டார். 'ஃபெயிலியர் ஸ்டோரி'னுதானே சொல்வோம்?

அம்மா எழுதின நோட்ஸ்

அப்படிச் சொல்லாத ஒருத்தங்க இருந்தாங்க. ஏமி கார்மைக்கேல். 1867-இல் அயர்லாந்தில் பிறந்து, 1895-இல் இந்தியா வந்து, திருநெல்வேலி டோனாவூரில் தங்கி, 1951 ஜனவரி 18-இல் கண்ணை மூடுற வரைக்கும் ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பாதவங்க. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்தாங்க. அந்தப் பிள்ளைகளுக்கு அவங்க 'அம்மா'.

இவங்க எழுதின புத்தகங்களோட லிஸ்ட்டைப் பார்த்தா ஒரு சுவாரசியம் தெரியும். 1916-இல் வாக்கர் ஐயரோட வாழ்க்கை. ஏமிக்குத் தமிழ் கத்துக்கொடுத்து, டோனாவூரில் கூட நின்னவர். 1918-இல் பொன்னம்மாளோட வாழ்க்கை. சின்ன வயசிலேயே விதவையாகி, ஏமியோட கிராமம் கிராமமாப் போன பெண்கள் கூட்டத்தில் சேர்ந்து, பிறகு கைக்குழந்தைகளை வளர்க்கிற பொறுப்பையே ஏத்துக்கிட்டவங்க. 1915-இல் புற்றுநோயில் இறந்தாங்க. அடுத்து 1922-இல்... யாருன்னு ஊகிச்சிருப்பீங்க. ராக்லண்ட்! அவர் செத்து 64 வருஷம் கழிச்சு, யாரும் பேசாத அந்த மனுஷனைத் தேடிப் பிடிச்சுப் புத்தகமா எழுதினாங்க. நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேர் தொழில் கத்துக்கக் கல்கத்தா போன அதே வருஷம்!

நல்ல மாணவி நோட்ஸ் எடுக்கிற மாதிரிதான் இது. தான் யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டோமோ அவங்களையே எழுதி வெச்சாங்க. அதிலும் கவனிங்க, ஒருத்தர் மெத்தப் படிச்ச ஆங்கிலேயர். இன்னொருத்தங்க ஒரு தமிழ் விதவை. வெள்ளைக்கார மிஷனரி, இந்தியப் பெண்ணைத் தனக்கு முன்மாதிரின்னு எழுதறது அந்தக் காலத்தில் சாதாரணம் இல்லை.

சங்கிலி இங்கேயும் நிக்கலை. அமெரிக்காவில் ஹாஸ்டல் பள்ளியில் படிச்ச எலிசபெத் என்கிற பொண்ணுக்கு 14 வயசில் தலைமையாசிரியை மூலமா ஏமி அறிமுகமாகிறாங்க. அந்தப் பொண்ணுதான் பின்னால் எலிசபெத் எலியட். 1956 ஜனவரி 8-இல் ஈக்குவடார் காட்டில் அவங்க கணவர் ஜிம் எலியட்டையும் நாலு நண்பர்களையும் அந்தக் காட்டு மக்கள் ஈட்டியால் குத்திக் கொன்னாங்க. எலிசபெத் என்ன பண்ணாங்க தெரியுமா? 1958-இல் கைக்குழந்தையா இருந்து வளர்ந்த மகளோட அதே மக்கள் நடுவே போய்க் குடியிருந்தாங்க. 1987-இல் ஏமியோட வாழ்க்கையை எழுதினாங்க. சிவகாசியில் 'ஃபெயில்' ஆனவர் எங்கே போய்ச் சேர்ந்திருக்கார் பாருங்க!

ஜெராக்ஸ் எடுக்காதீங்க

இதைப் படிச்சுட்டு நாளைக்கே கூடாரம் வாங்கக் கிளம்பிடாதீங்க, ப்ளீஸ்.

பார்த்துக் கத்துக்கிறது வேற, ஜெராக்ஸ் எடுக்கிறது வேற. பிரபல பிரசங்கியார் மாதிரியே குரலை ஏத்தி இறக்கி ஜெபிக்கிற பசங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அவரோட கோட், அவரோட கைவீச்சு, அவர் தமிழில் கலக்குற இங்கிலீஷ்... எல்லாம் அச்சு அசலா இருக்கும். அவர் ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்து ஜெபிக்கிறார், கடன் வாங்கினா எப்போ திருப்பிக் கொடுக்கிறார்னு மட்டும் தெரியாது. ஏன்னா மேடையில் அது தெரியாது.

முன்மாதிரிகளிலும் எடுக்க வேண்டாத பகுதி இருக்கு. ராக்லண்ட் உடம்பைப் பார்த்துக்கிட்ட லட்சணத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நுரையீரல் அப்படி இருக்கும்போது வெயிலிலும் பனியிலும் கூடாரத்தில் கிடந்தது தியாகமா, பிடிவாதமான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான். அவர்கிட்ட நான் எடுத்துக்கச் சொல்றது வேற. கைதட்டல் வராதுன்னு தெரிஞ்ச இடத்துக்குப் போனார். ரிசல்ட் வராதப்பவும் கூட இருந்த உபதேசியாரைத் திட்டித் தீர்க்காம நடந்தார். ஏமி புடவை கட்டினதை எல்லாரும் சொல்வாங்க. புடவை கட்டறது சுலபம். 1931-இல் விழுந்து அடிபட்டு, சாகிற வரைக்கும் கிட்டத்தட்ட 20 வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தும் எழுதிக்கிட்டே இருந்தாங்களே, அதைக் காப்பி அடிக்கிறதுதான் கஷ்டம்.

'எல்லாரும் பண்றாங்க...'

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஏன்னா, பார்த்துக் கத்துக்கிறதில் ஒரு ஆபத்தும் இருக்கு. நல்லது மட்டுமா கைமாறுது?

பட்டாசு ஆலையில் ஒரு அறையில் நாலு பேருக்கு மேல உட்காரக் கூடாதுங்கிற விதி இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா பக்கத்து அறையில் ஆறு பேர் உட்கார்ந்தா, நம்ம அறையிலும் ஆறு பேர். விபத்து நடந்த பிறகு செய்தித்தாளில் திரும்பத் திரும்ப வர்ற காரணங்களைப் பாருங்க. அனுமதிக்கு மேல ஆட்கள், உள்குத்தகை, மருந்து உராய்வு. எந்த முதலாளியும் ஃபோர்மேனும் இதைப் பாடமா நடத்தலை. பார்த்துப் பழகினதுதான். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பினதும் அப்படித்தான். தடுக்கிற சட்டம் 1986-இல் வந்தாச்சு. அப்புறமும், சட்டத்தை மீறி வேலைக்கு வெச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. அந்த வருஷங்களில் ஞாயித்துக்கிழமை கோயிலில் முன் பெஞ்சில் உட்கார்ந்தவங்க எத்தனை பேர், 'எல்லாரும் பண்றாங்க'னு சொல்லியிருப்பாங்க?

இதே மண்ணில் இன்னொண்ணும் நடந்தது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சுமார் 40 பேரைப் பலி வாங்கின வெடிவிபத்து. செத்தவங்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளிகள் இல்லை. முதல் சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க. வேடிக்கை பார்க்க வந்தவங்களும் உண்டு. உள்ளே மாட்டினவங்களைத் தூக்க வந்தவங்களும் உண்டு. தூக்க வந்தவங்க சாதி கேட்டு, கோயில் கேட்டு ஓடலை. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கின சமாரியன் கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தடவை கேட்டிருக்கோம். அதை யாரோ எங்கேயோ இல்லை, சிவகாசிப் பக்கத்திலேயே செஞ்சு காட்டிட்டாங்க. அதில் எத்தனை பேர் பைபிளைத் தொட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.

அப்போ நீங்க யாரைப் பார்க்கணும்? விருதுநகரிலோ சிவகாசியிலோ ஹாஸ்டலில் இருந்தா வார்டனைக்கூடப் பாருங்க, தப்பில்லை! பார்க்க வேண்டியது மேடையில் இல்லாத நேரத்தில். சம்பளம் லேட்டான மாசத்தில் காணிக்கை டப்பாவைக் கடந்து போறப்போ. தன் மேல தப்பு இருக்கிறப்போ வீட்டில் பேசுறப்போ. கணக்கில் நூறு ரூபாய் கூட வந்தா கடைக்காரர்கிட்ட திருப்பிக் கொடுக்கிறாங்களா? தீக்காய வார்டில் கிடக்கிற எதிர் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எடுத்துப் போறாங்களா? பட்டாசு வேலை முடிஞ்சு கையெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க பஸ் இறங்குற அக்காக்களில் இப்படி ஒருத்தங்களாவது உங்க தெருவில் இருப்பாங்க. 'வெளியே எழுதி ஒட்டாத' கிறிஸ்தவங்க.

பார்த்துட்டா பக்கத்தில் போங்க. பவுலுக்குத் தீமோத்தேயு மாதிரி கூடவே ஊர் சுத்த வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் போதும். அவங்க காய் நறுக்கும்போது நீங்களும் கூட உட்கார்ந்து நறுக்குங்க. 'எனக்கு விசுவாசத்தைச் சொல்லிக் கொடுங்க'னு கேட்டா, பாவம், பயந்துடுவாங்க. 'அந்த நேரத்தில் எப்படி அக்கா தாங்கினீங்க?'னு கேளுங்க.

இன்னொண்ணு. நீங்க ஒருத்தரைப் பார்த்துக்கிட்டிருக்கிற அதே நேரம், ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் உங்களைப் பார்த்துக்கிட்டிருக்கான். அசைன்மென்ட்டை அடுத்தவனிடம் வாங்கி எழுதிட்டு, ஐ.சி.ஒய்.எம். கூட்டத்திலோ எஸ்.சி.எம். கூட்டத்திலோ போய் நீங்க சாட்சி சொல்றதையும் சேர்த்துத்தான்.

வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் உங்க சபையிலேயே வயசான ஒருத்தரைப் பிடிங்க. 'தாத்தா, நீங்க சின்னப் பையனா இருந்தப்போ யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டீங்க?'னு கேளுங்க. பெரும்பாலும் ஒரு பழைய உபதேசியார் பேரோ, ஓலைப் பள்ளிக்கூடத்து டீச்சர் பேரோதான் வரும். நீங்க கேள்வியே பட்டிருக்க மாட்டீங்க. அந்தப் பேரையும், அவங்களைப் பத்தித் தாத்தா சொல்ற ரெண்டு விஷயத்தையும் ரஃப் நோட்டிலாவது எழுதி வைங்க. தாத்தாவுக்கு இப்பவே பாதி மறந்து போச்சு.