குறை பிறக்கும் இடம்

நீலகிரியின் மேற்குச் சரிவில், தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் தேவாலாவில், 1880ஆம் ஆண்டை ஒட்டிய சில வருஷங்கள் பொன்னாசை தலைக்கேறிய காலமாக இருந்தன. பொடித்துப் பார்த்த சில கற்களில் மின்னிய பொன்னை நம்பி லண்டனில் கம்பெனிகள் பல தோன்றி, பங்குகளை விற்று, பாரமான யந்திரங்களை இந்தக் காட்டுக்குள் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்திய பிறகே, எதிர்பார்த்த அளவுக்குப் பொன் தேறாது என்பது தெரியவந்து, சிறிது காலத்திலேயே அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கையளவு மாதிரியைக் கொண்டு மலையளவு சரக்கை அனுமானிப்பது எவ்வாறு, அந்த அனுமானத்தை எதுவரை நம்பலாம் என்ற கேள்வி தொழில்துறையில் சாஸ்திரீயமாக ஆராயப்பட்டது அதற்குப் பல்லாண்டுகள் கழித்துத்தான்.

அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில், தொலைபேசிக் கருவிகளின் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட் என்னும் பௌதிக அறிஞர், 1924 மே 16ஆம் தேதி தம் மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பை அனுப்பினார். அதில் ஒரு வரைபடம் இருந்தது. தரம் என்றால், பொருள் செய்து முடிந்த பின் நல்லதைப் பொறுக்கிக் கெட்டதைக் கழிப்பது என்றே எல்லோரும் கருதியிருந்த நாளில், ஷூஹார்ட் வேலை நடக்கும்போதே இடையிடையே சில மாதிரிகளை எடுத்து அளக்கச் சொன்னார். அளவுகளின் சராசரிக்கு ஒரு நடுக்கோடும், அதற்கு மேலும் கீழும், கணிதத்தால் தீர்மானித்த இரண்டு எல்லைக் கோடுகளும் வரையப்படும். எல்லைகளுக்குள் நிகழும் ஏற்ற இறக்கம் அந்த வேலைமுறையின் சுபாவம். அதை மாற்ற வேண்டுமானால் முறையையே மாற்ற வேண்டும். ஒரு புள்ளி எல்லையைத் தாண்டினால் அதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அதை அன்றே தேடிப் பிடிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாத மேற்பார்வையாளர், சுபாவமான சரிவுக்குத் தொழிலாளியை ஏசிவிட்டு, யந்திரத்தில் நேர்ந்த உண்மையான கோளாறைக் கவனியாது விடுவார்.

இந்த ஷூஹார்ட், புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் ஏற்பாட்டில், 1947-48இல் நம் தேசத்துக்கே வந்து, பல நகரங்களில் ஆலை அதிபர்களிடம் பேசிச் சென்றிருக்கிறார். அவருடைய வழிவந்த டெமிங் டோக்கியோவில் புகழ்பெற்ற உரைகளை நிகழ்த்தியது அதற்குப் பிறகு, 1950இல்தான். ஜப்பானியர் மறுவருஷமே டெமிங் பெயரால் ஒரு பரிசை ஏற்படுத்தி, அவர் சொன்னதைக் கடைநிலைத் தொழிலாளி வரை கொண்டு சென்றார்கள். நாமோ கருத்தரங்கு நடத்தினோம். இதற்கு நம் புத்தியின் குறையைக் காரணம் சொல்வது நியாயமாகாது. உற்பத்தியான சரக்கு எதுவாயினும் விற்றுப்போன லைசென்ஸ் காலத்தில், தரத்துக்காக யாரும் மெனக்கெடவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை என்பதே என் அபிப்பிராயம். சந்தை திறந்துவிடப்பட்ட பின்னர்தான் சென்னைப் பாடியிலிருந்த சுந்தரம்-கிளேட்டன் பிரேக் பிரிவு, ஜப்பானியப் பேராசிரியர்களின் துணையோடு இந்த முறையை முழுமையாகக் கைக்கொண்டு, 1998இல் டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனமாயிற்று. ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் 2002இல் அதைப் பெற்றது.

இதற்கிடையே 1962இல் ஜப்பானில், தங்கள் வேலையின் குறைகளைத் தாங்களே கூடி ஆராயும் தொழிலாளர் தரவட்டங்கள் தோன்றின; 1980களில் மோட்டரோலா கம்பெனி பத்து லட்சம் வாய்ப்புகளுக்கு 3.4 பிழை என்ற இலக்கோடு சிக்ஸ் சிக்மா என்னும் தர முறையைக் கொண்டுவந்தது. அதில் தேர்ந்தவர்களுக்குப் பச்சைப் பட்டை, கறுப்புப் பட்டை என்று கராத்தேக்காரர்களின் விருதுகளை அலுவலகத்தில் வழங்குவது எனக்கு வேடிக்கையாகத் தோன்றினாலும், அடியில் இருப்பது ஷூஹார்டின் கோடுகளேதான்.

பொன் ஏமாற்றிய தேவாலாவில் இப்போது தேயிலை. கொழுந்து மூட்டைகள் தொழிற்சாலைக்கு வந்ததும், சிலவற்றிலிருந்து பிடிபிடியாக அள்ளி மேஜைமேல் பரப்பி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வந்த இளங்கொழுந்தை ஒருபுறமும், விரலால் வளைத்தால் முறியாமல் நார்விடும் முற்றிய இலையை மறுபுறமும் பிரித்து, நிறுத்து, நல்லது நூற்றுக்கு எத்தனை என்று குறிக்கும் வழக்கம் தேயிலைத் தொழிலில் உண்டு. அந்த எண்ணை நாள்தோறும் ஷூஹார்டின் கோடுகளுக்கிடையே புள்ளியிட்டால், ஒருநாள் சட்டென்று விழும் புள்ளி, குறிப்பிட்ட ஒரு காட்டில் பறிப்பு தவறியதைக் காட்டிவிடும். ஆனால் வருஷம் முழுவதும் புள்ளிகள் எல்லைக்குள்ளேயே, தாழ்வாகவே ஓடிக்கொண்டிருந்தால்?

அங்கேதான் டெமிங்கின் கணிப்பு நினைவுக்கு வரவேண்டும்: தொல்லைகளில் நூற்றுக்கு 94 முறையமைப்பைச் சேர்ந்தவை. மழையில் நனைந்துகொண்டு பறிக்கும் பெண்ணுக்கு, குறித்த எடைக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் கூலி என்று விதித்துவிட்டு, கனமான முற்றிய இலையை அவள் விட்டுவிடுவாள் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. ஆள் பற்றாக்குறையால் பறிப்புச் சுற்று சில நாள் தள்ளிப்போனால், அவள் எவ்வளவு கவனமாகப் பறித்தாலும் செடியில் இருப்பது முற்றிய இலைதான். அதை எவ்வளவு பக்குவமாக வாட்டி, சிடிசி யந்திரத்தில் அரைத்து, உலர்த்தினாலும் குன்னூர் ஏலத்தில் அதற்கேற்ற விலைதான் கிடைக்கும். எடைக்குக் கொடுக்கும் மிகைக் கூலியில் ஒரு பகுதியையேனும் மேஜைமேல் பிரித்தெடுத்த அந்த விகிதத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அப்படிச் செய்ய வேண்டுமானால் முதலில் திருத்த வேண்டியது தோட்ட அலுவலகத்தின் கூலிப் புத்தகம்.