உடைந்த வார்ப்பை ஒட்டலாமா? – பழைய படகு மோட்டார்களும் பழுதுபார்க்கும் கலையும்

படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் அவுட்போர்டு மோட்டாரை நம்மில் பலர் கடற்கரையிலோ ஆற்றங்கரையிலோ பார்த்திருப்போம். இதனை மக்களிடையே பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்துடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1909-ல் மில்வாக்கி நகரில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரின் திறன் ஒன்றரைக் குதிரைசக்தி. எடை 62 பவுண்டு. அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-ல் நின்றுவிட்டது. மிகப் பழைய மாடல்களுக்குப் புது உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே, உடைந்ததைச் சீர்செய்யத் தெரிந்தவனுக்கே அவை மீண்டும் ஓடும்.

ரயில்வே தொழிற்சாலைகளில் வார்ப்புகளோடும் வெல்டிங்கோடும் காலம் கழித்தவன் என்பதால், ஓய்வுக்குப் பின் நண்பர்கள் இத்தகைய மோட்டார்களை என்னிடம் கொண்டுவருவதுண்டு. நான் கடைப்பிடிக்கும் முறைகளை இங்கே சொல்கிறேன்.

முதலில், ஏன் உடைந்தது என்று பார்க்க வேண்டும். அலுமினிய உடலில் இரும்பு போல்ட் இருந்து, உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டுப் பொடியாகும். குளிர் நாடுகளில் கியர் பெட்டிக்குள் தங்கிய நீர் உறைந்து, சுமார் 9 சதவீதம் விரிந்து, பெட்டியையே பிளந்துவிடும். காரணம் தெரியாமல் ஒட்டினால் அதே இடத்தில் மீண்டும் உடையும்.

அடுத்து, விரிசல் எதுவரை ஓடுகிறது? சந்தையில் குடம் வாங்கும்போது தட்டிப் பார்ப்போம் அல்லவா? ரயில் சக்கரங்களையும் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டுச் சோதிப்பார்கள். ஆனால் மெல்லிய கீறலுக்கு மண்ணெண்ணெயே நல்ல துணை. பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புப் பொடியைப் பூசுங்கள். கீறலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் சுமார் 3 மி.மீ. துளை போட்டால் விரிசல் மேலே ஓடாது.

மூன்றாவது, உலோகம் எது? விமானங்களிலும் பந்தய எஞ்சின்களிலும் மெக்னீசியக் கலவை வார்ப்புகள் உண்டு. பார்வைக்கு அலுமினியம் போலவே இருக்கும். சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மெக்னீசியம். அதன்மேல் வெல்டிங் சுடர் படக்கூடாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து.

வார்ப்பிரும்பு என்றால், விரிசலை வி வடிவில் குடைந்து, முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் எலக்ட்ரோடால் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக வெல்டிங் வைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் சூட்டோடு மெல்லத் தட்டி, கடைசியில் உலர்ந்த சுண்ணாம்புத் தூளில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் 'டக்' என்ற ஓசையுடன் பக்கத்திலேயே புதிய விரிசல் தோன்றும்.

அலுமினியத்தின் சிக்கல் வேறு. அது சுமார் 660 டிகிரியில் உருகும். மேலே படிந்திருக்கும் ஆக்சைடோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். மேலும், இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்காமலே திடீரென உருகி விழுந்துவிடும். ஆகவே ஆர்கான் வெல்டிங், சிலிக்கன் கலந்த அலுமினியக் கம்பி இரண்டும் தேவை. பழைய எண்ணெய்ப் பிசுக்கை முழுதும் நீக்காவிட்டால் பற்று நிற்காது.

ஆனால் எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஒரு நண்பர், தம் தாத்தா ஓட்டிய மோட்டாரைக் கொண்டுவந்தார். பிள்ளைகளை அதில் ஆற்றில் அழைத்துச் செல்ல ஆசை. கியர் பெட்டியைச் சரிசெய்து தந்தேன். ஆனால் பறக்கும் சக்கரத்தின் நடுவில், சாவி பொருந்தும் இடத்தில் ஒரு கீறல். அதைத் தொட மறுத்துவிட்டேன். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் சக்கரம் சிதறினால், பக்கத்தில் இருப்பவரின் உயிருக்கே ஆபத்து. தாத்தாவின் பொருளாயிற்றே என்று அவர் வருந்தினார், நான் இசையவில்லை. இன்னொரு பழைய மோட்டாரிலிருந்து நல்ல சக்கரம் கிடைக்கும்வரை பல மாதங்கள் காத்திருந்தோம். இணைப்புத் தண்டுக்கும் இதே விதிதான்.

இன்னொன்று: விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சிறிய பித்தளை ஊசி, உடைவதற்கென்றே வைக்கப்பட்டது. விசிறி கல்லில் மோதினால் ஊசி உடையும், கியர் பிழைக்கும். வீட்டு ஃப்யூஸ் கம்பியைப் போன்றது. சிலர் அதற்குப் பதில் இரும்பு ஆணியைச் செருகிவிடுகிறார்கள். அப்புறம் பல்சக்கரங்களுக்கு விலை கொடுக்க வேண்டியதுதான்.

வேலை முடிந்தபின், மோட்டாரைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆறியதும் மண்ணெண்ணெய்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அதற்குப் பிறகே ஆற்றுக்கு. அப்போதும் துடுப்பும் மிதவை உடையும் படகில் இருக்கட்டும்.