கை கொடுப்பவர்கள் – 14: விழுங்க மறுத்த உப்பு

இருமுனை நோயோடு வாழும் மனநல நிபுணர் கே ஜாமிசனைச் சென்ற இதழில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மேஜை நிறைய பில்களுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம். 1974 ஜூலையில் உளநல மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியர். மூன்றே மாதத்தில் பித்தின் உச்சி. அவசரமாக வாங்கிக் குவித்தவற்றில் பாம்புக்கடி முதலுதவிப் பெட்டிகள் மட்டும் பன்னிரண்டு. தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது போதும்.

தன் நோயை அவர் யாரிடம், எப்படிச் சொன்னார் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் அவருக்குக் கொடுத்த மாத்திரையைப் பற்றி இரண்டு வரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று இரவுகள் அதிலேயே போய்விட்டன. நாளை காலை கட்டுரை அச்சுக்குப் போக வேண்டும். என்னால் இதை விட முடியவில்லை.

அந்த மாத்திரை லித்தியம் கார்பனேட். வெறும் உப்பு. 1817இல் சுவீடனைச் சேர்ந்த ஆர்ஃப்வெட்சன் ஒரு கனிமத்துக்குள் கண்டுபிடித்த தனிமம் லித்தியம். ‘கல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்தான் அதன் பெயருக்கு வேர். உலோகங்களிலேயே மிக இலேசானது. எண்ணெயில் போட்டால் மிதக்கும். பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில் ஹைட்ரஜன், ஹீலியத்தோடு துளியளவு லித்தியமும் உண்டாகிவிட்டது. விமானப்படையில் வானிலை அறிஞராக இருந்தவரின் மகள் ஜாமிசன். வானத்தைப் பார்த்தே வளர்ந்தவர். அவருடைய மனத்தைப் பிடித்து நிறுத்த வந்த பொருள் நட்சத்திரங்களுக்கும் மூத்தது என்று தெரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த உப்பு மனநோய்க்கு எப்படி மருந்தானது? சாங்கி என்றால் நமக்குச் சிங்கப்பூர் விமான நிலையம். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவருக்கு அது சிறை. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது பிடிபட்டு, மூன்றரை ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்தார். ஊர் திரும்பியதும் மெல்பர்னை ஒட்டிய பண்டூரா மருத்துவமனையில் வேலை. உடலில் சுரக்கும் ஏதோ ஒரு நச்சுதான் பித்துக்குக் காரணம், அது சிறுநீரில் வெளியேறும் என்று அவர் நம்பினார். ஆய்வுக்கூடம் கிடையாது. பழைய சமையல் சாமான் அறை ஒன்றுதான் கிடைத்தது. நோயாளிகளின் சிறுநீர்ப் புட்டிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். அந்த வீட்டு அம்மாள் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். பிறகு யூரிக் அமிலத்தைச் சோதிக்க நினைத்தார். அது தண்ணீரில் சரியாகக் கரையவில்லை. அதன் லித்தியம் உப்பு நன்றாகக் கரையும் என்பதால் அதை எடுத்தார். காரணம் அவ்வளவுதான். பன்றிகள் அடங்கின. யூரிக் அமிலத்தை விட்டுவிட்டு லித்தியம் கார்பனேட்டை மட்டும் கொடுத்தார், அப்போதும் அடங்கின. தொட்டாலே துள்ளும் பிராணிகள், மல்லாக்கப் போட்டால் பேசாமல் படுத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது லித்தியத்தின் நச்சு மயக்கமாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். சிறுநீர் நச்சு என்ற அவருடைய எண்ணமும் நிற்கவில்லை. மருந்து மட்டும் நின்றது.

முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகு 1948 மார்ச் 29 அன்று, ஐந்து ஆண்டுகளாகப் பித்திலேயே கிடந்த 51 வயதுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். சில மாதங்களில் அந்த மனிதர் வீட்டுக்குப் போனார், பழைய வேலைக்குத் திரும்பினார். 1949 செப்டம்பரில் கேட் தன் கட்டுரையை வெளியிட்டார்.

வழக்கமாக இந்தக் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். வீட்டுக்குப் போனவர் மாத்திரையை நிறுத்தினார். பித்து திரும்பியது. மறுபடி மருத்துவமனை, மறுபடி லித்தியம். 1950இல் லித்தியம் நச்சேறியே இறந்துபோனார். குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையில் அவ்வளவு குறுகிய சந்து. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. சாப்பாட்டில் உப்பைச் சட்டென்று குறைத்தாலோ, வெயிலில் வியர்த்து உடல் வற்றினாலோ, சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அளவு ஏறிவிடும். லித்தியம் எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனையை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது.

டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ லித்தியத்தைப் பல ஆண்டுகள் விடாமல் ஆராய்ந்தார். அவருடைய தம்பிக்கு அடிக்கடி மனச்சோர்வு வரும். லித்தியம்தான் அவரைத் தூக்கி நிறுத்தியது. அமெரிக்கா அனுமதி கொடுத்தது 1970இல். நான்கே ஆண்டுகள் கழித்து அதே மாத்திரை ஜாமிசனிடம் வந்தது.

அவரும் நிறுத்தினார். மருந்தை விடாதீர்கள் என்று நோயாளிகளிடம் மன்றாட வேண்டிய மனநல நிபுணர், தன் மாத்திரையைத் திரும்பத் திரும்ப நிறுத்தினார். படித்தவர், அறிவு எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அன்றைக்குக் கொடுத்த அளவு அதிகம். ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் எழுத்து மங்கும், கவனம் சிதறும். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நல்ல புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை அவரால் படிக்க முடியவில்லை. படிப்பையே தொழிலாகக் கொண்டவருக்கு அது எப்பேர்ப்பட்ட இழப்பு! உறங்காமல் பறந்த இரவுகளின் ஏக்கம் வேறு. கூடப் பிறந்த அக்காவே அந்த மருந்தை வெறுத்தார். நிறுத்திய ஒவ்வொரு முறையும் சோர்வு இன்னும் கறுப்பாகத் திரும்பியது. ஒரு முறை சாவின் விளிம்பிலிருந்துதான் அவரை மீட்டார்கள்.

சமூகப்பணி முதுகலை படிக்கும் ஒரு தங்கை போன வாரம் எழுதியிருந்தார்: “அண்ணா, தினமும் மாத்திரை போடுறவ நான். இன்னொருத்தருக்கு எப்படி தைரியம் சொல்றது?”

தங்கச்சி, ஜாமிசனைக் காப்பாற்றியது அவர் படித்த படிப்பு அல்ல. அவருக்கென்று ஒரு மருத்துவர் இருந்தார். அந்த அறைக்குள் நுழைந்தால் ஜாமிசன் பேராசிரியர் இல்லை, நோயாளி மட்டும்தான். இடைவிடாமல் அங்கே போய் உட்கார்ந்தார். அழுதார், சண்டை போட்டார், மறுபடி போனார். மாத்திரையும் அந்தப் பேச்சும் சேர்ந்துதான் தன்னை நிறுத்தின என்று 1995இல் வந்த தன் நூலில் எழுதுகிறார். அதற்கிடையிலேயே, 1977இல், இருமுனை நோயும் மனச்சோர்வும் உள்ளவர்களுக்காக தான் வேலை பார்த்த லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சிகிச்சையகத்தைத் தொடங்கினார். 1990இல் ஃபிரெடரிக் குட்வினுடன் சேர்ந்து அந்த நோயைப் பற்றி அவர் எழுதிய பெரும் நூலை மருத்துவர்கள் பாடநூலாகப் படித்தார்கள். அதை எழுதியவருக்கும் அந்த நோய் உண்டு என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. உனக்கென்று அப்படி ஓர் அறை இருக்கிறதா? இருந்தால் எனக்கு எழுது.

பின்னாளில் மருத்துவர் அளவைக் குறைத்தார். பார்வை தெளிந்தது, எழுத்து மங்காமல் நின்றது. ஜாமிசன் மறுபடியும் புத்தகங்களைக் கையில் எடுத்தார்.

யாரிடம் சொன்னார் என்ற கதைக்கு இந்த வாரம் இடமில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்க அனுமதி கேட்கும் படிவம் ஒன்று அவர் மேஜைக்கு வருகிறது. உங்களுக்கு ஏதேனும் நோய் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. அவர் துறைத்தலைவரைத் தேடிப் போகிறார்.

(அடுத்த இதழில்)