உம்மம்மாவின் கையும் பிள்ளையின் நிறையும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில், மதிலோடு மதில் உரச வீடுகள் நெருங்கி நிற்கும் காத்தான்குடியில், நாலு வயதுப் பிள்ளை கொழுகொழுவென்று வளர்வதைக் கண்டு கவலையுறும் வீடு அரிது. “மாஷா அல்லாஹ்” என்று கன்னத்தைத் தடவுவதே வழக்கம். அந்த வாஞ்சைக்குக் காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகைச் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்திருந்தனர். மிகை நிறையுடையோர் 2 பேரே. மெலிவுக்கு அஞ்சிப் பழகிய தாய்க்கு, அவ்விருவரில் ஒருவர் தன் பிள்ளையாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் எழுவதேயில்லை.

ஆதலால் கண்மதிப்பை நம்பலாகாது. கிளினிக்கில் நிறை பார்த்ததும் பதிவேட்டை மூடிவிடாமல், உயரத்துக்கேற்ற நிறை எவ்வளவு என்று மருத்துவமாதிடம் கேட்டறிய வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலில், இவ்வயதுப் பிள்ளை நடுக்கோட்டுக்கு மேலே இரண்டாம் கோட்டைத் தாண்டினால் மிகை நிறை, மூன்றாம் கோட்டைத் தாண்டினால் ஸ்தூலம். பருமனோடு உயர வளர்ச்சியும் குன்றியிருந்தால் சுரப்பிக் கோளாறு உண்டா என்று வைத்தியர் பார்த்தாக வேண்டும். மற்றப்படி அத்தகைய வியாதிகள் அபூர்வம்.

இவ்வயதில் சிகிச்சை என்பது பெரும்பாலும் நிறையைக் குறைப்பதாகாது. ஆண்டுக்கு ஆறேழு சென்ரிமீற்றர் உயரும் பிராயத்தில், நிறை ஏறும் வேகத்தை மட்டும் தணித்து வைத்தால், வளரும் உயரமே உடலைச் செம்மைப்படுத்திவிடும். பட்டினியும் மருந்தும் இதற்கு வேண்டா. வேண்டுவது குடும்பம் முழுவதும் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்வது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2023இல் வகுத்த நெறி, பிள்ளையும் பெற்றோரும் கூடியிருந்து பெறும் ஆலோசனை 3 முதல் 12 மாதங்களுக்குள் 26 மணி நேரமாயினும் அமைதல் நன்று என்றும், 2 முதல் 5 வயதினர்க்கும் அதை அளிக்கலாம் என்றும் கூறுகிறது. நம் கிளினிக்கின் நெரிசலில் அத்தனை நேரத்துக்கு எங்கே போவது? வளவிலேதான் தேட வேண்டும் என்பது என் துணிபு.

பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறும் இவ்வூர் முறையில், ஒரே வளவிலும் அயலிலுமாக உம்மம்மா, பெரியம்மா, சாச்சி என்று பிள்ளையைச் சூழ்ந்திருக்கும் கைகள் பல. காலையில் சீனி போட்ட பால்மாவை உம்மா கொடுக்க, பத்து மணிக்குச் சாச்சி பிஸ்கட் நீட்டுவாள். முன்பள்ளி விட்டு வந்த பிள்ளையை மடியில் இருத்தி, மீனாணமும் சோறும் பிசைந்த கவளத்தை ஏந்தியபடி, “என்ட வாப்பால்ல, இன்னும் ஒரு வாய்” என்பார் உம்மம்மா. பிள்ளை முகத்தைத் திருப்பும். கைத்தொலைபேசியில் படம் ஓடவிட்டால் வாய் தானே திறக்கும். பசி தீர்ந்ததை அறிவிக்கும் உள்ளுணர்வு, இவ்வாறு நாள்தோறும் மீறப்பட்டு, மெல்ல மெல்ல மழுங்கிப் போகிறது. நோன்பு மாதத்தில், நோன்பு நோற்காத அப்பிள்ளை பகலுணவை உண்டபின், மஃரிபுக்குக் கட்லட்டும் றோல்ஸும் உண்ணுவதையும் காண்கிறோம்.

பிள்ளையைச் சூழ்ந்த அந்தக் கைகள் அனைத்தும் ஒன்றுபட்டால் அதைவிடச் சிறந்த மருந்தில்லை. எதை, எப்போது பரிமாறுவது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். தாகத்துக்குத் தண்ணீர், பாலில் சீனி வேண்டாம், சாப்பிடுகையில் திரை வேண்டாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை தினமும் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும், திரைமுன் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2019ஆம் ஆண்டு விதி. முற்றங்கள் சீதன வீடுகளாகிவிட்ட ஊரில் ஓட இடமில்லை என்பது மெய்யே. ஆயினும் கிழக்கே கடற்கரை இருக்கிறது, அஸருக்குப் பின் வாப்பாமார் அழைத்துச் செல்லலாம்.

பிள்ளையைத் தடியன் என்று எவரும் கேலி செய்யாதிருக்கட்டும். தாய்மார்களே, அடுத்த கிளினிக் நாளில் பதிவேட்டோடு உம்மம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவமாது சொல்வதை அவரும் தம் காதால் கேட்கட்டும்.